முழுகாம இருக்கியான்னு கேட்க ஒரு வாய் இல்லை

தடுப்பூசி என்பதே ஏகாதிபத்தியச் சதி என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருக்கும் நம் தோழர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எதிரிக்கு எழுத ஒன்றுமில்லை. அவன் இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை.

திண்டிவனத்தில் ஒரு கூட்டம். ஐம்பது பேர் இருப்பார்கள். நிறையப் படித்த தோழர் ஒருவர் பேசினார். நம் பெண்களின் கருப்பையைக் குறிவைத்துத்தான் ஊசிகள் வருகின்றன, சேரிக்குள் ஊசியோடு நுழைகிறவனை விரட்டியடியுங்கள் என்றார். கைதட்டல். பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த பெண்களும் தட்டினார்கள். அவர்களில் ஒருத்திக்கு மூன்றாவது மாதம். டி.டி. ஊசி போட வேண்டிய நேரம். தோழர் அடுத்த பேருந்தைப் பிடித்துப் போய்விட்டார். அவள் அந்தப் பேச்சை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அதில் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். துளி நியாயமும் இல்லாத பேச்சுக்கு நம் பெண்கள் கைதட்டுகிறவர்கள் இல்லை.

ஊசி என்றால் சேரிக்கு ஒரு ஞாபகம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பெரியம்மைக்கு எப்படிக் குத்தினார்கள்? ஒரு குழந்தையின் கையில் குத்துவார்கள். எட்டாம் நாள் அங்கே கொப்புளம் பழுக்கும். அதிலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். கையிலிருந்து கைக்கு. அந்தக் கொப்புளத்தை வளர்த்துக் கொடுத்த கை பெரும்பாலும் யாருடையது? ஏழைக் குழந்தைகளுடையது, தாழ்த்தப்பட்ட குழந்தைகளுடையது. நோயைத் தடுக்கும் மருந்தையே நம் பிள்ளைகளின் உடம்பில் பயிர் வைத்தார்கள். சாதி இந்துக்களோ, கண்ட சாதிக் குழந்தையின் உடம்புநீர் எங்கள் குழந்தைக்குள் ஏறக் கூடாது என்று ஆட்சேபித்தார்கள். மருந்திலும் தீட்டு. பிறகுதான் கன்றுக்குட்டியில் வளர்த்த அம்மைப்பால் வந்தது. 1899இல் கிண்டியில் தொடங்கிய கிங் நிலையம் அதைத் தயாரிக்கத்தான் ஏற்பட்டது.

அடுத்தது நெருக்கடி நிலைக் காலம். 1976-77 என்ற ஒரே ஆண்டில் இந்த நாட்டில் 81 லட்சம் பேருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. எத்தனை பேர் விரும்பிப் போனார்கள், எத்தனை பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள் என்பது ஷா கமிஷனில் கொஞ்சம் வெளிவந்தது. 'முகாம்' என்ற சொல் அப்படித்தான் நம் தெருவுக்குள் நுழைந்தது. எங்க ஆயா சாகிறவரைக்கும் சுகாதாரத்துறை ஜீப்பைக் கண்டால் "கு.க. வண்டி வருதுடி" என்றுதான் சொன்னாள். ஜீப்பில் போலியோ சொட்டு மருந்து இருந்தாலும் அது கு.க. வண்டிதான்.

அப்புறம் கம்மம். 2009 ஜூலையில் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுள்ள சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் போட்டார்கள். பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், ஐ.சி.எம்.ஆர்., மாநில அரசு மூன்றும் சேர்ந்து நடத்திய திட்டம். குஜராத்தில் வடோதராவிலும் நடந்தது. கம்மத்தில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடி, தலித் வீட்டுப் பிள்ளைகள். இரண்டு மாநிலத்திலுமாக ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்து, 2010 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தினார்கள். சாவுக்கு ஊசி காரணமில்லை என்றது அரசின் விசாரணை. இருக்கட்டும். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கொடுத்த அறிக்கையில் என்னை உறங்கவிடாத கணக்கு வேறு. ஆந்திராவில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948இல் வெறும் கைநாட்டு. 2,763இல் கையெழுத்துப் போட்டது விடுதிக் காப்பாளர், தலைமையாசிரியர். தாயுமில்லை, தகப்பனுமில்லை.

எங்கள் ஊர்க் கோயில் கதை இங்கே வந்து நிற்கிறது. சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்குள் கிழவர் வேடத்தில் சிவன் வந்து, உன் பாட்டன் எனக்கு எழுதிக் கொடுத்த ஆளோலை இது, வழிவழியாக நீ எனக்கு அடிமை என்று வழக்குப் போட்டாராம். வழக்குத் தீர்ந்தது திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில். ஓலை செல்லும் என்று தீர்ப்பு. எம்.ஏ. வகுப்பில் பெரியபுராணம் நடத்திய ஆசிரியர் அந்த இடத்தில் உருகிப்போனார். எனக்கு ஒரு சந்தேகம்தான். பாட்டன் போட்ட கையெழுத்துக்குப் பேரன் உடம்பு எப்படிப் பிணை? அது பக்தி, கேட்கக் கூடாது. காப்பாளர் போட்ட கையெழுத்துக்கு ஒரு சிறுமியின் தோள் எப்படிப் பிணை? இது விஞ்ஞானம், இதையும் கேட்கக் கூடாது.

ஆக சந்தேகம் நியாயமானது. தோழரோடு நான் சேர்ந்து நடப்பது இந்த இடம் வரைக்கும்தான். இதற்கு மேல் அவர் போகிற பாதையில் பிணம் விழுகிறது. நம்ம வீட்டுப் பிணம்.

2021 ஜூன் மாதம். திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பேர் வேண்டாம். என் சித்தி மகள், 23 வயசு, கையில் பால்குடி மறக்காத பிள்ளை. வூட்டுக்காரன் செங்கல் சூளைக்குப் போகிறவன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொரோனா ஊசி முகாம். ஊசி போட்டவங்களுக்குத்தான் இனிமே நூறு நாள் வேலை என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டிருந்தார்கள். எந்த அரசாணை, எந்தத் தேதி என்று கேட்க ஆளில்லை. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, அவரவர் உடம்பு அவரவருக்கு என்று உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2022 மே 2ஆம் தேதி. அதற்குள் அந்த முகாம் முடிந்துவிட்டது. இவள் காட்டு வேலையை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றாள். ஊர்த்தெரு முன்னால், நம்ம தெரு பின்னால். அப்படி நிற்கச் சொல்லி யாரும் சொல்வதில்லை. அது தானாக அமைந்துவிடும்.

மேசையில் ஆதார் எண் கேட்டார்கள். செல்போன் நம்பர் கேட்டார்கள். ஜுரம் இருக்கா, சர்க்கரை இருக்கா என்று கேட்டார்கள். தலைக்கு ஊத்திக்கினு எத்தினி நாளாச்சு என்று கேட்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு நாற்பத்தைந்து நாள். பால் கொடுக்கிறவளுக்கு நாள் தள்ளிப்போவது வழக்கம் என்பதால் அவளுக்கே சந்தேகம் இல்லை. கர்ப்பிணிக்குப் போடக் கூடாது என்பது அன்றைக்கு மத்திய அரசின் விதி. விதி தாளில் இருந்தது, கேள்வி வாய்க்கு வரவில்லை. ஊசி போட்ட அந்தச் செவிலியரை நான் குற்றம் சொல்லவில்லை. காலையிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் இருநூறு பேருக்குக் குத்திக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி அவர். அவரும் நம்மில் ஒருத்தியாகத்தான் இருப்பார்.

இருபது நாள் கழித்து வாந்தி. கார்டு டெஸ்டில் ரெண்டு கோடு.

அந்தச் சமயம் எப்படிப்பட்டது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பில் இறந்தார். சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு சொல்ல அக்டோபர் ஆகிவிட்டது. இடைப்பட்ட ஆறு மாதமும் வாட்ஸப்புக்குச் சொந்தம். மாதவிலக்குக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் பெண் ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது என்று ஒரு செய்தி. அது பொய் என்று மத்திய அரசின் செய்தித் தகவல் அலுவலகமே அந்த ஏப்ரலில் மறுத்தது. ஊசி போட்டால் மலடியாகிவிடுவாள் என்று ஒரு செய்தி. ஆற்றுக்கே மலட்டாறு என்று பேர் வைத்திருக்கிற பக்கத்தில் அந்தச் சொல் எவ்வளவு தூரம் பாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊசி போட்ட வயிற்றுப் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று இன்னொன்று.

மாமியார் அழுதாள். வூட்டுக்காரன் மெடிக்கலுக்குப் போனான். கடைக்காரன் கேட்டானாம், "ஊசி போட்டுக்கிச்சா? அப்ப அத வெச்சிக்காதீங்க." சீட்டில்லாமல் மாத்திரை கொடுத்தான். எத்தனை வாரம் என்று பார்க்கவில்லை, கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்கவில்லை, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நாலு நாள் ரத்தம் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் ராத்திரி ஷேர் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரி. உள்ளே மிச்சம் தங்கிவிட்டது என்று சுத்தம் செய்து, ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அக்கா, ஊசியால போச்சா, மாத்திரையால போச்சா?"

மாத்திரையால போச்சு. ஊசி அந்தக் கருவை ஒன்றும் செய்யவில்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை, ஏன் தயக்கமில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன் ஒரு வார்த்தை. கருவைக் கலைப்பது பெண்ணின் உரிமை. 1971லிருந்து சட்டம் இருக்கிறது. எனக்கு இந்தப் பிள்ளை வேணாம்க்கா என்று அவள் சொல்லியிருந்தால் நானே கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருப்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பிள்ளை வேண்டும். அவள் சார்பில் ஒரு பொய் முடிவெடுத்தது. இதுவும் இன்னொருத்தன் போட்ட கையெழுத்துத்தான்.

கோவிஷீல்டு என்பது என்ன? சிம்பன்சிக்குச் சளி பிடிக்க வைக்கிற ஒரு வைரஸை எடுத்து, அது பெருக முடியாதபடி முடக்கி, கொரோனாவின் முள்ளுக்குரிய குறிப்பை அதன் முதுகில் ஏற்றி அனுப்புவது. கோவாக்சின் என்பது கொல்லப்பட்ட கொரோனா வைரஸ். இரண்டும் உடம்புக்குள் பெருகாது. பெருகாதது கருவுக்குள் புகுந்து நோயாக முளைக்காது. இது வெறும் தர்க்கம் என்றால், கணக்கும் இருக்கிறது. பிரிட்டன், பிரேசில், தென்னாப்பிரிக்காவில் இதே ஊசியைச் சோதித்தபோது, இடையில் தெரியாமல் கர்ப்பமாகிவிட்ட பெண்கள் இருந்தார்கள். அவர்கள் விவரம் 2021இலேயே வெளிவந்துவிட்டது. ஊசி போட்டவர்களிடம் கருச்சிதைவு, போடாதவர்களைவிடக் கூடவில்லை. எல்லா ஊசியும் குற்றமற்றது என்று நான் சத்தியம் செய்யவில்லை. இதே ஊசி மிக மிக அரிதாக ரத்தத்தை உறைய வைக்கும் என்பதை, அதைத் தயாரித்த நிறுவனமே 2024இல் பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அது தாய்க்கு வரக்கூடிய ஆபத்து, ஆணுக்கும் வரக்கூடிய ஆபத்து. கருவை ஊனமாக்கும் என்பது வேறு பேச்சு. அதற்கு ஆதாரம் இல்லை.

இன்னொன்றையும் நம் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை. எந்த ஊசியும் போடாவிட்டாலும், கர்ப்பம் என்று தெரிந்த நூறு பேரில் பத்துப் பதினைந்து பேருக்குக் கரு தானாகக் கலைகிறது. பிறக்கிற நூறு குழந்தைகளில் இரண்டு மூன்றுக்கு ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கிறது. பணக்காரன் வீட்டிலும் அப்படித்தான். லட்சம் கர்ப்பிணிக்கு ஊசி போட்டால் அதில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிறகு கரு கலையத்தான் செய்யும், ஊசி போடாவிட்டாலும் அத்தனை பேருக்கும் கலைந்திருக்கும். பின்னால் நடந்ததெல்லாம் அதனால் நடந்ததா? பல்லி விழுந்ததற்கும் பழன் பார்க்கிறவர்களைக் கேலி செய்கிற பகுத்தறிவுத் தோழர்கள் இந்த இடத்தில் மட்டும் பஞ்சாங்கத்தைக் கையில் எடுப்பது ஏன் என்று தெரியவில்லை.

நோய் என்ன செய்தது? அதற்கும் கணக்கு இருக்கிறது. கொரோனா வந்த கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பற்றி ஐ.சி.எம்.ஆர். 2021 ஜூனில் சொன்னது: முதல் அலையில் இறந்தவர்கள் 0.7 சதம், இரண்டாம் அலையில் 5.7 சதம். நூற்றுக்கு ஆறு பேர் போல. அந்த ஏப்ரல், மே மாதங்களில் கர்ப்பிணிக்கு ஊசி கிடையாது. பாதுகாப்பு என்று சொல்லி வெளியே நிறுத்திவைத்தார்கள். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம், எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அறிவித்தது ஜூலை 2ஆம் தேதி. அலை வடிந்த பிறகு. என் தங்கச்சி ஊசி போட்டுக்கொண்ட நாளுக்குச் சில வாரம் கழித்து.

அதாவது ஜூனில் கூடாதென்ற ஊசி ஜூலையில் கூடும். ஊசி மாறவில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது? "பாதுகாப்பானது என்பதற்குச் சான்று இல்லை" என்ற வாக்கியத்துக்குள் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. 1957இலிருந்து தாலிடோமைடு என்ற மாத்திரையை மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். 1961இல் நிறுத்துவதற்குள் உலகமெங்கும் பத்தாயிரம் குழந்தைகள்போலக் கைகால் குறைந்து பிறந்தன. கர்ப்பிணிக்குப் பொருந்துமா என்று யாரும் சோதித்துப் பார்க்காததால் வந்த வினை. அதிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது என்ன? இனி ஒழுங்காகச் சோதிப்போம் என்றல்ல. பெண்ணே வேண்டாம் என்று கற்றுக்கொண்டது. 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், பிள்ளை பெறக்கூடிய வயதிலுள்ள பெண்களை ஆரம்பக்கட்டச் சோதனைகளிலிருந்து விலக்கியது. அதை மாற்ற 1993 ஆனது. கொரோனா ஊசியின் முதல் சோதனைகளிலும் கர்ப்பிணி இல்லை. சோதிக்காததால் சான்று இல்லை. சான்று இல்லாததால் ஊசி இல்லை. ஊசி இல்லாததால் சாவு. ஆண் உடம்பை மனித உடம்பென்று வைத்துக்கொண்டு பெண்ணுடம்பை விதிவிலக்காக எழுதும் அறிவின் கட்டமைப்பு இது. இதில் சேரிப் பெண்ணுக்கு இரட்டைத் தண்டனை. கம்மத்தில் கேட்காமல் போட்டார்கள், கொரோனாவில் கேட்காமல் மறுத்தார்கள். இரண்டிலும் கேட்கவில்லை என்பதுதான் பொது.

உண்மையில் கவனம் வேண்டிய ஊசி ஒன்று உண்டு. ருபெல்லா. அது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து போடுவது. அதனால் கர்ப்பிணிக்குப் போடுவதில்லை, போட்டுக்கொண்டால் ஒரு மாதத்துக்குக் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். தெரியாமல் போட்டுவிட்டால்? கலைக்க வேண்டியதில்லை. இது யாரோ ஒரு டாக்டரின் அபிப்பிராயம் இல்லை. அமெரிக்காவில் 1971 முதல் 1989 வரை, கருத்தரிப்பதற்குச் சற்று முன்னும் பின்னும் தெரியாமல் இந்த ஊசியைப் போட்டுக்கொண்ட, ஏற்கெனவே எதிர்ப்புச்சக்தி இல்லாத 321 பெண்களைக் கவனித்தார்கள். பிறந்த 324 குழந்தைகளில் ஒன்றுக்கும் ருபெல்லாக் குறைபாடு இல்லை. 2001க்குப் பிறகு லத்தீன் அமெரிக்க நாடுகளில் பெருந்திரளாகப் போட்டபோது, கர்ப்பம் என்று தெரியாமல் போட்டுக்கொண்டவர்கள் 30,000 பேருக்கு மேல். எதிர்ப்புச்சக்தி இல்லாதவர்களைப் பிரித்துப் பின்தொடர்ந்தார்கள். சில குழந்தைகளின் ரத்தத்தில் வைரஸ் தொட்டுப்போன தடயம் இருந்தது. குறைபாட்டோடு ஒரு குழந்தையும் பிறக்கவில்லை.

ஊசிக்குப் பயந்தவர்கள் நோயைப் பாருங்கள். தானாக வரும் ருபெல்லா, முதல் மூன்று மாதத்தில் தாயைத் தொட்டால் பத்தில் ஒன்பது வாய்ப்பில் கருவைத் தொடும். கண்ணில் புரை, காதில் செவிடு, இதயத்தில் ஓட்டை. 1941இல் இதைக் கண்டுபிடித்தவர் நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் டாக்டர். கைக்குழந்தைக்குக் கண்புரை என்று தாய்மார்கள் அடுத்தடுத்து வந்தார்கள். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் உனக்கு அம்மை வந்ததா என்ற கேள்வியில்தான் அந்தக் கண்டுபிடிப்பே இருந்தது. நம் தெருவில் அதே குழந்தை பிறந்தால் என்ன சொல்வார்கள்? கிரகணத்தன்னிக்கி வெளிய வந்திருப்பா. பாவம் பண்ணியிருப்பா.

2017 பிப்ரவரி 6இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா ஊசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து 15 வயது வரைக்கும். அதற்கு எதிராகவும் வாட்ஸப்பில் வதந்தி வந்தது. பெண்பிள்ளைகளை மலடாக்கும் ஊசி என்றார்கள். நாளைக்கு அந்தப் பெண்பிள்ளை தாயாகும்போது வயிற்றுப் பிள்ளையின் கண்ணைக் காப்பாற்றுவதற்காகப் போடுகிற ஊசிக்கு இந்தப் பேர். ஊசிக்குப் பயந்து பெற்றோர் அன்றைக்குப் பள்ளிக்கு அனுப்பாத பிள்ளைகள் எங்கள் பக்கத்திலும் உண்டு. அன்றைக்குப் பதினைந்து வயதைத் தாண்டியிருந்தவர்களுக்கோ அந்த ஊசி வரவே இல்லை. இன்று பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பலர் அவர்கள்தான்.

இதைவிட அவசரமானது நாய்க்கடி. விடியற்காலையில் கரும்பு வெட்டப் போகிறவள், கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவள், இவர்களைத்தான் நாய் கடிக்கிறது. கர்ப்பமா இருக்கா, ஊசி போட்டா புள்ளைக்கு ஆவாது என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். வெறிநாய்க்கடி ஊசி செத்த வைரஸ். எந்த மாதக் கர்ப்பிணிக்கும் போடலாம். போட்டே ஆக வேண்டும். வெறி முற்றி நோயாக வந்துவிட்டால் பிழைப்பு கிடையாது. தாயும் போய் பிள்ளையும் போய்விடும். டி.டி. ஊசியும் அப்படித்தான். துருப்பிடித்த அரிவாளில் தொப்புள்கொடி அறுத்து, ஏழாம் நாள் விறைத்துச் செத்த பிள்ளைகளை நம் கிழவிகள் எண்ணிச் சொல்வார்கள். 2015இல் இந்தியாவில் அந்தச் சாவு ஒழிந்ததாக அறிவித்தார்கள் என்றால், கர்ப்பிணியின் கையில் போட்ட அந்த ஊசிக்கு அதில் பெரும் பங்கு. சேரிக்குள் ஊசியோடு நுழைகிறவனை விரட்டச் சொன்ன தோழர் இதைத்தான் விரட்டச் சொல்கிறார்.

மரபு, இயற்கை, பாட்டி வைத்தியம் என்று இப்போது நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். 'ஹீலர்' என்று பேருக்கு முன்னால் போட்டுக்கொள்கிறார்கள். ஏ.சி. அறையில் உட்கார்ந்து சிறுதானியம் தின்னச் சொல்கிறார்கள். கேழ்வரகுக் கூழ் நாம் விரும்பிக் குடித்ததா, நெல்லுச்சோறு மறுக்கப்பட்டதால் குடித்ததா என்பதை அவர்களிடம் யாராவது சொன்னால் தேவலை. அவர்கள் பேசும் மரபில் நம் இடம் எது? அம்மை வந்தால் மாரியாத்தா இறங்கியிருக்கா என்று வேப்பிலை கட்டினோம். யார் வீட்டில் அதிகம் இறங்கினாள்? ஒற்றை அறைக் குடிசையில் எட்டுப் பேர் படுத்த வீட்டில். வயிற்றில் சத்தில்லாத பிள்ளையைத்தான் மணல்வாரி அம்மை கண்ணைக் குருடாக்கியும் பேதியில் தள்ளியும் கொன்றது. பெரியம்மை 1975இல் இந்த நாட்டை விட்டுப் போனது. வேப்பிலைக்குப் பயந்து போகவில்லை. தனக்கு எல்லா ஊசியும் போட்டு வளர்ந்த உடம்போடு, ஊசி போடாதே என்று சேரிக்கு உபதேசம் செய்வதும் ஒருவகைத் தீண்டாமைதான்.

அப்படியானால் எதற்குத்தான் சண்டை போடுவது? ஊசியைக் கேட்டுச் சண்டை போட வேண்டும், ஊசி போடுகிறவர் நம்மைக் கேட்க வேண்டும் என்றும் சண்டை போட வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதற்கு அரசு கண்ட வழி, ஊசியைக் கிராமத்திலிருந்து எடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தது. சேரிக்காரி ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும் என்று ஆனது. தவறு எங்கேயோ, தண்டனை இங்கே. இப்படிப்பட்ட நேரத்தில்தான் நம் இயக்கங்கள் தெருவுக்கு வந்திருக்க வேண்டும்.

கேட்பது என்றால் எப்படிக் கேட்பது? முகாமில் ஒட்டியிருந்த தாளில் "கருவுற்றிருப்பதற்கான வாய்ப்புள்ள பயனாளிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்" என்று இருந்தது. தமிழில் எம்.ஏ. படித்தவளுக்கு இது புரியும். சங்க இலக்கியத்தில் 'கடுஞ்சூல்' என்றால் முதல் கர்ப்பம் என்றும் எனக்குப் புரியும். என் தங்கச்சிக்கு "முழுகாம இருக்கியா?" என்றால்தான் புரியும். தலைமுழுகுவது நின்றுபோனால் கர்ப்பம் என்று நாளைக் கணக்கு வைத்துச் சொல்லும் சொல் அது. டாக்டர்கள் கடைசி மாதவிலக்குத் தேதியிலிருந்து வாரம் எண்ணுகிறார்களே, அதே கணக்கு. நம் ஜனங்கள் அதைச் சொல்லாகவே வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை ஒரு தாளிலும் எழுத மாட்டார்கள். கொச்சையாம்.

அதையும் வரிசையில் வைத்துச் சத்தம் போட்டுக் கேட்கக் கூடாது. முன்னால் ஊர்க்காரன் நிற்கிறான், பக்கத்தில் மாமனார் நிற்கிறார். கல்யாணம் ஆகி ரெண்டு மாதமானவள் வாய் திறக்க மாட்டாள். கல்யாணமே ஆகாதவளிடம் கேட்பதே இல்லை, கேட்டாலும் அவள் எப்படிச் சொல்வாள்? ஒரு திரை வேண்டும். திரைக்குள் ஒரு பெண் வேண்டும். நாள் தள்ளியிருந்தால் அங்கேயே சிறுநீர் கார்டில் பார்த்துச் சொல்ல வேண்டும், அது உப சுகாதார நிலையத்துக்கு இலவசமாக வருகிற கார்டுதான். கர்ப்பம் என்றால் இந்த ஊசி உனக்கு ஆகும், இது ஆகாது, இன்னின்ன காரணம் என்று சொல்லிவிட்டு முடிவை அவளிடம் விட வேண்டும். தெரியாமல் போட்டுவிட்டால், கலைக்கத் தேவையில்லை என்று அன்றைக்கே எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். என்ன ஊசி, என்ன தேதி, சந்தேகம் வந்தால் யாரிடம் வர வேண்டும் என்பதும் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். அந்தச் சீட்டு ஒன்று இருந்திருந்தால் மெடிக்கல்காரன் பேச்சு எடுபட்டிருக்காது. பெரிய செலவு ஒன்றுமில்லை. ஒரு பழைய புடவையும் ஒரு அச்சடித்த தாளும்.

வரப்போகிற முகாமுக்கு எங்கள் தெருப் பெண்கள் ரெண்டு பேர் அந்தப் புடவையைக் கொண்டுபோய்க் கட்டுவதாக இருக்கிறார்கள். வட்டாரச் சுகாதார அலுவலகத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. வராவிட்டாலும் கட்டுவார்கள்.

என் தங்கச்சி 2023இல் மறுபடி முழுகாமல் இருந்தாள். எட்டாம் வாரத்திலேயே பேர் பதிந்துவிட்டாள். டி.டி. ஊசிக்கு நர்ஸம்மா பஞ்சால் கையைத் துடைக்கும்போது இவளே கேட்டிருக்கிறாள், "இது உசுரோட இருக்கறதா, செத்ததா?" நர்ஸம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம், "ரெண்டும் இல்லம்மா. கிருமியோட வெசத்த முறிச்சி வெச்சிருக்கறது. போடலாமா?"

"போடுங்க" என்றாளாம்.